புதிய தொய்வு மருந்துகள்: சந்தைக்கு வருவதும் எமது கைக்கு வருவதும்

வெங்காயம் கிண்டும் காலத்தில் தம்புள்ளைச் சந்தையில் அன்று என்ன விலை போகிறது என்று சண்டிலிப்பாயிலுள்ள தோட்டக்காரர் விசாரித்து அறிந்துவிடுவார். லொறிக்காரர் எவ்வளவு கழிப்பார், தரகர் எவ்வளவு எடுப்பார், இந்தியாவிலிருந்து வெங்காயம் இறங்கினால் விலை எப்படி விழும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் அதே வீட்டில் தொய்வுக்காரப் பிள்ளைக்கு வாங்கும் மருந்தின் விலையை யார், எங்கே தீர்மானிக்கிறார்கள் என்று அவர் விசாரிப்பதில்லை. பாமசியில் கேட்ட காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறார். கையில் இல்லையென்றால் கடன்படுகிறார். கடனும் கிடையாதென்றால் மருந்தைப் பாதியாகக் குறைக்கிறார்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்த விடயம் இரட்டிப்பு முக்கியமானது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களாயினும், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நகர்ந்தபோது சேர்ந்து நடந்தவர்களாயினும், பின்னர் வன்னியில் பல தடவைகள் இடம் மாறியவர்களாயினும், எல்லாரும் ஆண்டுக்கணக்காக நெருக்கமான கொட்டில்களில், விறகுப் புகைக்கும் ஈரத்துக்கும் தூசுக்கும் நடுவில் வாழ்ந்தவர்கள். சிலர் இன்னும் காணி விடுபடும் நாளை எதிர்பார்த்து வாடகை வீட்டிலும் உறவினர் வளவிலும் இருக்கிறார்கள். காணி திரும்பக் கிடைத்தவர்களோ, பற்றையும் பார்த்தீனியமும் மண்டிய நிலத்தை வெட்டித் துப்புரவாக்குகிறார்கள். இவையெல்லாம் மூச்சுக் குழாயைத் தாக்கும் காரணிகள்.

தொய்வுக்கும் ஒவ்வாமைக்கும் புதிய மருந்துகள் வருகின்றன என்று வானொலியிலும் கைத்தொலைபேசியிலும் செய்திகள் வருகின்றன. வெளிநாட்டிலுள்ள உறவினரும் சொல்கிறார்கள். அந்த மருந்துகள் எவை, யாருக்காகச் செய்யப்படுகின்றன, எப்போது எமக்கு எட்டும், அதுவரை நாம் எதை நம்பியிருக்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் தன்மை

தொய்வு என்பது மூச்சுக் குழாய்களின் உட்சுவர் நீண்டகாலமாக வீங்கிச் சிவந்திருக்கும் நிலை. புகை, தூசு, குளிர், மகரந்தம், கிருமி ஆகியவற்றில் ஏதாவது அந்தச் சுவரைத் தூண்டும்போது, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது; சளியும் சேர்கிறது; மூச்சு விசிலடிக்கிறது. இதையே நாம் முட்டு என்றும் இழுப்பு என்றும் சொல்கிறோம். மூக்கால் ஓடுதல், தொடர்தும்மல், கண் கடி, தோல் தடிப்பு ஆகிய ஒவ்வாமை நோய்கள் இதற்கு உறவுக்காரர். பலரிடம் இவை சேர்ந்தே காணப்படும். நீண்டகாலம் புகைத்தவர்களுக்கும் புகையடுப்பின் முன் ஆயுளைக் கழித்த தாய்மாருக்கும் வரும் நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் வேறானது. ஆனால் மருந்துகள் சில பொதுவானவை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2019இல் உலகில் 26 கோடியே 20 இலட்சம் பேர் தொய்வு நோயுடன் வாழ்ந்தார்கள். அவ்வாண்டு 4 இலட்சத்து 55 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானோர் வறிய நாடுகளையும் கீழ்நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். அங்கே நோய் கூடுதலாக இருப்பது இதற்குக் காரணமல்ல. நோய் கண்டறியப்படாமலும் சரியான மருந்து தொடர்ச்சியாகக் கிடைக்காமலும் போவதே காரணம். இவ்விடத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இம்மரணங்களில் மிகப் பெரும்பாலானவற்றைத் தடுக்கத் தேவையான மருந்து ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அது ஐம்பது ஆண்டு பழையது.

பழைய மருந்துகள் வந்த வழி

தொய்வு மருந்துகள் பலவற்றின் வேர் சாதாரணச் செடிகளில் இருக்கிறது. 1888இல் தேயிலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட தியோபிலின் பின்னர் தொய்வு மாத்திரையாகியது. எமது வேலியோரத்து ஆடாதோடை இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்து ஜெர்மன் கம்பனியொன்று சளியிளக்கும் புரோம்ஹெக்சின் மருந்தை 1963இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதியின் கெல்லா என்ற செடியிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியில், தானே தொய்வு நோயாளியாகிய மருத்துவர் ரொஜர் அல்டூனியன் தன்மீதே மருந்துகளைப் பரிசோதித்துப் பார்த்தார். அவ்வாராய்ச்சியின் பயனாகக் குரோமோகிளைக்கேற் என்ற மருந்து 1968இல் வந்தது.

இன்று நாம் பெரும்பாலும் பயன்படுத்துபவை இரண்டு வகை. முதலாவது, இறுகிய குழாயை உடனே தளர்த்தும் மருந்து. 1969இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்த சல்பியூட்டமோல் இதில் முதன்மையானது. நீல நிறப் பம்பில் வருவது இதுதான். இரண்டாவது, குழாயின் வீக்கத்தை ஆற்றும் தடுப்பு மருந்து. 1972இல் வந்த பெக்லோமெதசோன் என்ற உள்ளிழுக்கும் ஸ்டீரொயிட் இவ்வகையின் முன்னோடி.

நீலப் பம்ப் வலியை மறக்கச் செய்யும், நோயை ஆற்றாது. தீப்பிடித்த கூரைக்குக் கீழே விசிறி போட்டுப் படுப்பதைப் போன்றது, தடுப்பு மருந்து இல்லாமல் நீலப் பம்பை மட்டும் அடித்துக்கொண்டிருப்பது. தொய்வுக்கான உலக வழிகாட்டிக் குழு 2019இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: வளர்ந்தவர்களுக்கும் இளைஞருக்கும் சல்பியூட்டமோலை மட்டும் தனியே கொடுப்பது இனிப் பரிந்துரைக்கப்படுவதில்லை. ஒரு வருடத்தில் மூன்று நீலப் பம்புகளோ அதற்கு மேலோ முடிந்தால் கடும் முட்டு வரும் ஆபத்து கூடுகிறது. பன்னிரண்டு முடிந்தால் உயிராபத்தே கூடுகிறது.

காப்புரிமை என்னும் வேலி

ஒரு புதிய மருந்தைக் கண்டுபிடித்து மனிதரில் பரிசோதித்து அனுமதி பெறப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் செல்கின்றன. மனிதப் பரிசோதனைக்கு வரும் பத்து மருந்துகளில் ஏறத்தாழ ஒன்றே சந்தையை அடைகிறது. நொவார்ட்டிஸ் கம்பனி தொய்வுக்கான மாத்திரையாகப் பெரிதும் எதிர்பார்த்த பெவிபிபிரான்ட், கடைசிக் கட்டப் பரிசோதனைகளில் போதிய பலன் காட்டாததால் 2019 டிசம்பரில் கைவிடப்பட்டது. ஆகவே மருந்துக் கம்பனிகளுக்குச் செலவும் நட்டமும் உண்டு என்பது உண்மை.

இந்தச் செலவை மீட்பதற்காக அரசாங்கங்கள் காப்புரிமை வழங்குகின்றன. இருபது ஆண்டுகளுக்கு அந்த மருந்தைச் செய்ய வேறெவருக்கும் உரிமையில்லை. யாழ்ப்பாணம் முழுவதிலும் இருபது வருடத்துக்கு ஒரேயொருவர்தான் வெங்காயம் நடலாம் என்று சட்டம் போட்டால் விலை எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஒருவர் தன் செலவைப் பார்த்து விலை வைக்கமாட்டார். வாங்குபவர் எவ்வளவு கொடுப்பார் என்பதைப் பார்த்தே வைப்பார். மருந்தை வாங்குபவரோ மூச்சுக்காக வாங்குகிறார். அவரால் பேரம் பேச முடியாது.

காப்புரிமை முடிந்ததும் பல கம்பனிகள் அதே மருந்தைச் செய்கின்றன, விலை விழுகிறது. மொன்டிலுகாஸ்ட் மாத்திரை 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2012இல் அங்கே காப்புரிமை முடிந்தது. அதற்குப் பின் அது உலகெங்கும் மலிந்தது. ஒவ்வாமைக்கான லொராற்றடினும் செற்றிரிசினும் இன்று மலிவாகக் கிடைப்பதும் இதே வழியில்தான்.

வேலி முடியும் தறுவாயில் சில கம்பனிகள் அதைப் புதுக்கதியால் போட்டு அடைக்கப் பார்ப்பதும் உண்டு. லொராற்றடினின் காப்புரிமை 2002 டிசம்பரில் அமெரிக்காவில் முடிவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், உடலுக்குள் லொராற்றடின் மாறும் பொருளாகிய டெஸ்லொராற்றடினை அதே கம்பனி புதிய மருந்தாக இறக்கியது. புதுப் பெயர், புதுப் பெட்டி, புது விலை. நோயாளிக்குக் கிடைத்த மேலதிக நன்மை சிறிதே.

பம்பினுள் மருந்தைத் தள்ளும் வாயுவின் கதையும் இவ்வாறானது. ஓசோன் படையைப் பாதுகாக்கும் 1987ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையின்படி பழைய வாயு கைவிடப்பட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் அமெரிக்காவில் 2008 முடிவில் பழைய பம்புகள் தடைசெய்யப்பட்டபோது, மலிவான பம்புகள் மறைந்து, காப்புரிமை பெற்ற புதிய பம்புகள் கூடிய விலையில் வந்தன. உள்ளேயிருந்த சல்பியூட்டமோல் அதே சல்பியூட்டமோல்தான். இப்போது பூமி வெப்பமடைவதைக் குறைக்க இன்னொரு தடவை வாயுவை மாற்றும் ஏற்பாடுகள் நடக்கின்றன. பெரிய கம்பனிகள் புதிய வாயுவுடன் பம்புகளைத் தயாரித்து வருகின்றன. வருகிற பத்தாண்டில் எம்மைப் போன்ற நாடுகள் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. புதிய ஊசிகளைவிட, நீலப் பம்பின் விலையே எமது வீடுகளைக் கூடுதலாகத் தொடும்.

புதிதாக வருபவை

இனிப் புதிய மருந்துகளுக்கு வருவோம். இவற்றை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம்.

முதலாவது, உயிரியல் ஊசிகள். ஒவ்வாமையை உண்டாக்கும்படி உடலுக்குள் செய்தி கொண்டு ஓடும் பொருட்கள் சில உண்டு. அவற்றை இடைமறித்துப் பிடிக்கும்படி உயிருள்ள கலங்களில் வளர்த்தெடுக்கப்படும் புரதங்களே இவ்வூசிகள். ஒமாலிசுமாப் 2003இலும், மெப்போலிசுமாப் 2015இலும், பென்ராலிசுமாப் 2017இலும், டெசெப்பெலுமாப் 2021இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2017இல் தோல் ஒவ்வாமைக்கு அனுமதி பெற்ற டுப்பிலுமாப், 2018இல் தொய்வுக்கும் 2024இல் நாட்பட்ட சுவாச அடைப்பு நோயின் ஒரு வகைக்கும் விரிவாக்கப்பட்டது. மாதம் இரண்டு தடவை போடும் ஊசி, மாதம் ஒரு தடவை, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்று குறைந்து, ஆண்டுக்கு இரண்டு தடவை போடும் ஊசிவரை ஆராய்ச்சி வந்துவிட்டது. மற்றெந்த மருந்துக்கும் அடங்காத கடுந்தொய்வு உள்ளவர்களுக்கு இவை உண்மையில் பெரும் நன்மை செய்கின்றன. ஆனால் அவ்வாறானவர்கள் தொய்வு நோயாளரில் ஒரு சிறு பங்கினரே.

இரண்டாவது, புதிய உள்ளிழுக்கும் மருந்துகள். நாட்பட்ட சுவாச அடைப்பு நோய்க்கான என்சிபென்ட்ரின் 2024 யூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைச் செய்த சிறிய கம்பனியை மேர்க் நிறுவனம் 2025இல் ஏறத்தாழ ஆயிரம் கோடி டொலருக்கு வாங்கியது.

மூன்றாவது, பழைய மருந்துகளின் புதிய சேர்க்கை. பியூடெசொனைட் என்ற ஸ்டீரொயிட்டும், விரைவாகவும் நீண்டநேரமும் வேலை செய்யும் போர்மொட்டெரோலும் ஒரே பம்பில் சேர்ந்து வருவது இதில் மிக முக்கியமானது. முட்டு வரும்போது இதையே அடித்தால் இறுகிய குழாயும் தளரும், வீக்கமும் ஆறும். இரண்டு பம்புகள் வைத்து, நீலத்தை மட்டும் அடித்துவிட்டு மற்றதை மறக்கும் பிழைக்கு இங்கே இடமில்லை. இம்மருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. இந்தியக் கம்பனிகள் உட்படப் பலர் இதைச் செய்கிறார்கள்.

யாருடைய பணப்பை பார்த்துச் சந்தை நடக்கிறது?

டுப்பிலுமாப் என்ற ஒரே ஊசியின் விற்பனை 2024இல் ஏறத்தாழ 1,300 கோடி யூரோ. அமெரிக்காவில் ஒரு நோயாளிக்கு ஓராண்டுக்கு அதன் பட்டியல் விலை 30,000 டொலருக்கு மேல். அங்கே காப்புறுதி நிறுவனங்களும் அரசும் பெரும்பங்கைச் செலுத்துகின்றன. கம்பனிகளின் ஆராய்ச்சி அந்தப் பணப்பையை நோக்கியே ஓடுகிறது. உலகில் தொய்வால் இறப்பவர்கள் ஓரிடத்தில். மருந்து ஆராய்ச்சிக்கான பணம் இன்னோரிடத்தில். இது மருந்து விஞ்ஞானிகளின் கெட்ட மனதால் வந்ததல்ல. மருந்தையும் மற்றப் பண்டங்களைப் போல, கூடிய விலை கொடுப்பவர் இருக்குமிடத்துக்கு ஓடவிட்டதால் வந்தது.

பணக்கார நாட்டிலும் ஏழைக்கு இதே இடர் உண்டு. அமெரிக்காவில் பம்புகளின் விலைக்கு எதிராகச் சட்டமன்ற உறுப்பினரும் மக்களும் குரலெழுப்பிய பின்னரே, 2024 மார்ச்சில் மூன்று பெரிய கம்பனிகள் நோயாளி தன் கையால் கட்டும் தொகையை மாதம் 35 டொலருக்கு மட்டுப்படுத்த உடன்பட்டன. கேட்டதால் கிடைத்தது.

திருச்சபையின் போதனையும் இவ்விடத்தில் தெளிவானது. 1991இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் வெளியிட்ட நூற்றாண்டு நினைவுச் சுற்றுமடலில், எமது காலத்தில் நிலத்தைப் போலவே அறிவும் தொழில்நுட்பமும் ஒரு சொத்தாகிவிட்டன என்று சுட்டிக்காட்டினார். சொத்து எதுவாயினும் அதன்மீது சமூகத்துக்கு ஒரு கடப்பாடு இருக்கிறது என்பது அவர் பல தடவைகள் வலியுறுத்திய கருத்து. காணியை வேலியடைத்துத் தரிசாகப் போட்டுவிட்டு அயலவனைப் பட்டினி போடுவது எப்படித் தவறோ, மூச்சுக்கு வேண்டிய அறிவை வேலிக்குள் வைப்பதும் அவ்வாறே கேள்விக்குரியது. காணியின் அருமை தெரிந்த எமது மக்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

இலங்கை முன்பு செய்து காட்டியது

இந்தக் கேள்விக்கு எமது நாடே ஒருமுறை விடை சொல்லியிருக்கிறது. பேராசிரியர் சேனக பிபிலேயும் வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில், தனியார் துறை இறக்குமதி செய்த ஏறத்தாழ 2,100 மருந்துகள் ஏறத்தாழ 600ஆகக் குறைக்கப்பட்டன. ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் பல விலைகளில் வருவது நிறுத்தப்பட்டது. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்கியது. பிபிலே அதன் முதல் தலைவர். பெரிய கம்பனிகள் எதிர்த்தன. 1977இல் அரசு மாறியபின் தனியார் இறக்குமதி மீண்டும் திறந்துவிடப்பட்டது. அவ்வாண்டே பிபிலே கயானாவில் காலமானார். ஆயினும் அவர் காட்டிய வழி மற்ற வறிய நாடுகளுக்கும் முன்மாதிரியாகியது.

நெடுங்காலத்துக்குப் பின் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைக்கப்பட்டது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்து, ரூபாவின் பெறுமதி விழுந்தபோது, விலைகள் உயர்த்தப்பட்டன. வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடும் வந்தது. 2023இல் எழுந்த தரமற்ற மருந்து விவகாரம், மலிவு மட்டும் போதாது, தரத்தைச் சோதிக்கும் நேர்மையான அமைப்பும் வேண்டும் என்று காட்டியது.

வடக்கில் வாழ்ந்த மக்களுக்குத் தட்டுப்பாடு புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மருந்துகளும் அனுமதியும் அளவும் பார்த்தே குடாநாட்டுக்கு வந்தன. மருந்து உலகில் இருப்பதும் அது எம் கைக்கு வருவதும் இரண்டு வேறு விடயங்கள் என்பதை நாம் அப்போதே படித்துவிட்டோம்.

அடுத்த பத்தாண்டில் எதிர்பார்க்கக்கூடியவை

மேற்சொன்னவற்றைச் சேர்த்துப் பார்த்தால் நிலைமை ஓரளவு தெளிவாகிறது.

உயிரியல் ஊசிகள் மெல்ல மலியும். ஒமாலிசுமாப்பின் காப்புரிமை முடிந்து, அதை ஒத்த ஊசியொன்று 2024இல் ஐரோப்பாவிலும் 2025இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றுவிட்டது. ஆனால் இவற்றைச் செய்வது மாத்திரை செய்வதைப் போல எளிதல்ல. ஆகவே விலை மாத்திரையைப் போல விழாது. சுவாச நோய் நிபுணர் ஒருவர் பரிசோதித்து இது அவசியம் என்று சொல்லாமல், கேள்விப்பட்டதை வைத்துக் காணியை ஈடுவைத்தோ நகையை விற்றோ இவ்வூசிகளைத் தேடிப் போக வேண்டாம். கடுந்தொய்வு என்று எண்ணப்படும் பலரிடம், பம்பைச் சரியாக அடிக்கப் பழக்கியதும் நோய் அடங்கிவிடுகிறது.

பியூடெசொனைட் போர்மொட்டெரோல் சேர்ந்த பம்ப் பலராலும் செய்யப்படுவதால் அது எட்டக்கூடியது. எல்லா அரச கிளினிக்குகளிலும் இது தொடர்ச்சியாகக் கிடைக்க வேண்டும் என்பதே நாம் கேட்க வேண்டிய முதற்கோரிக்கை. அதுவரை பெக்லோமெதசோன் நல்ல மருந்துதான். பழையது என்பதால் குறைந்ததல்ல.

ஒவ்வாமை மாத்திரைகளில் புதுப் பெயர்கள் வந்துகொண்டேயிருக்கும். செற்றிரிசினும் லொராற்றடினும் பெரும்பாலானோருக்குப் போதும்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. மருந்துத் துண்டில் வணிகப் பெயர் மட்டும் இருந்தால் மருந்தின் உண்மைப் பெயரையும் எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள். பாமசியில் அந்தப் பெயரைச் சொல்லி, பதிவு செய்யப்பட்டவற்றில் விலை குறைந்தது எது என்று விசாரியுங்கள். இது உங்கள் உரிமை.

2. பெட்டியின் விலையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். நாட்கணக்குப் பாருங்கள். 200 தடவை அடிக்கக்கூடிய பம்பில் காலை இரண்டு, மாலை இரண்டு என்று அடித்தால் 50 நாட்களுக்குப் போதும். விலையை 50ஆல் பிரித்தால் ஒரு நாட் செலவு தெரியும்.

3. பம்புக்குப் பயந்து மாத்திரை கேட்போர் இன்னும் உள்ளனர். சல்பியூட்டமோல் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கும். பம்பின் ஒரு அடியில் அதில் நாற்பதில் ஒரு பங்கே உண்டு. பம்ப் நேரே நெஞ்சுக்குப் போகிறது. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றி, கை நடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் தருகிறது. பம்ப் பழக்கமாகிவிடும் என்பது வீண் பயம்.

4. சிறு பிள்ளைகளுக்குப் பம்புடன் இடைக்குழல் வேண்டும். அதை வாங்க வசதியில்லையென்றால், 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளையிட்டுச் செய்யலாம். காற்று வெளியே போகாதபடி ஒட்டிய இவ்வாறான போத்தல், விலைகொடுத்து வாங்கும் குழலைப் போலவே வேலை செய்வதாகத் தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் நடந்து 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. கிளினிக் தாதியிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

5. ஸ்டீரொயிட் பம்ப் அடித்தபின் வாயைக் கொப்பளியுங்கள். சுகமாயிருக்கும் நாட்களிலும் அதை நிறுத்த வேண்டாம்.

6. மொன்டிலுகாஸ்ட் குடிக்கும் பிள்ளை நித்திரையின்றியோ, கோபமாகவோ, மனம் சோர்ந்தோ இருந்தால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். 2020இல் அமெரிக்க அரசு இதுபற்றிக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது.

7. பெயரில்லாமல் பொட்டலத்தில் விற்கும் தொய்வுத் தூள்களை வாங்க வேண்டாம். ஒரே நாளில் சுகம் தரும் இவ்வாறான தூள்களில் ஸ்டீரொயிட் கலந்திருந்ததைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

8. பேச்சு முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், விலாவுக்கிடையில் சதை உள்ளே இழுத்தால், உதடு நீலித்தால் காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். வரும்வரை பம்பை வைத்தியர் சொல்லித் தந்த அளவில் தொடருங்கள்.

9. வீடு மாறினால் கிளினிக் கொப்பியும் பம்பும் முதற்பையில் இருக்கட்டும். 2025 நவம்பரில் டித்வாப் புயலின்போது நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் ஒரு இரவில் எழும்ப வேண்டியிருந்தது. புதிய இடத்துக் கிளினிக்கில் அந்த வாரமே பதிந்துகொள்ளுங்கள்.

ஊராகச் செய்யக்கூடியவை

மருந்தால் மட்டும் தொய்வு அடங்காது. பார்த்தீனியம் இலங்கையில் 1999இல் வவுனியாவில் முதன்முதலாகப் பதிவாகியது. இந்திய அமைதிப்படைக் காலத்தில் ஆடுகளுடன் வந்திருக்கலாம் என்பது பலரின் கருத்து. இன்று குடாநாட்டுத் தோட்டங்களிலும் விடுபட்ட காணிகளிலும் அது மண்டிக் கிடக்கிறது. ஒரு செடி 15,000க்கு மேற்பட்ட விதைகளைப் போடக்கூடியது. அதன் மகரந்தமும் தூளும் தும்மலையும் தொய்வையும் தோல் அழற்சியையும் தருகின்றன. மாரி மழையில் மண் இளகியிருக்கும்போது, பூக்குமுன் வேரோடு பிடுங்குவதே வழி. கையுறை போட்டு, மூக்கை மூடி, ஊர் முழுவதும் ஒரே நாளில் சிரமதானமாகச் செய்ய வேண்டும். ஒருவர் வளவில் விட்டால் அடுத்தவர் உழைப்பு வீண். தொய்வுக்காரரை இவ்வேலைக்கு அழைக்க வேண்டாம். அவர்கள் தேநீர் தயாரிக்கட்டும்.

விறகடுப்புப் புகை வெளியே போகப் புகைபோக்கி வைப்பதும், குறைந்த விறகில் எரியும் அனகி மண் அடுப்பைப் பயன்படுத்துவதும் பெரிய செலவில்லாத வேலைகள். மாதர் சங்கங்கள் இதை ஒரு திட்டமாக எடுக்கலாம். மிளகாய் இடிக்கும் இடத்திலும் புகையிலைக்குப் புகைபோடும் இடத்திலும் பிள்ளைகளை வைத்திருக்க வேண்டாம். மருந்து விசிறும்போது காற்றுக்கு முதுகு காட்டி, வாய் மூக்கை மூடி விசிறுங்கள்.

கடைசியாக ஒன்று. கிளினிக்கில் பம்ப் இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று சொல்லப்பட்டால், முணுமுணுத்துக்கொண்டு திரும்பி வருவதோடு விடயம் முடிந்துவிடக்கூடாது. எந்தத் திகதி, எந்த மருந்து, எத்தனை பேருக்கு இல்லை என்று கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கொப்பியில் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கணக்கை வைத்தியசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் கடிதமாக அனுப்புங்கள். தாதியுடனோ வைத்தியருடனோ சண்டை பிடிக்க வேண்டியதில்லை. அவர்களும் மேலிடத்துக்கு எழுதுவதற்கு உங்கள் கணக்கு உதவும். இன்னாருக்கு மூச்சுத் திணறுகிறது என்ற பேச்சைத் தட்டிக்கழிக்கலாம். நாற்பது குடும்பங்களின் பெயரும் திகதியும் உள்ள கடிதத்தை அவ்வளவு எளிதாகத் தட்டிக்கழிக்க முடியாது.

காணிக்காக இத்தனை ஆண்டுகள் மனு எழுதிய மக்கள் நாம். எழுதத் தெரியாதவர்களல்ல. அடுத்த சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் மருந்துக் கொப்பியையும் ஒரு விடயமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.